வழக்குரைத் திருத்தமும் மலையக மக்களும்

வழக்கு என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. சான்றோர் மரபாகக் கொண்டொழுகுவதும் வழக்கு. மன்றத்தின் முன் எடுத்துரைத்துத் தீர்ப்பு வேண்டுவதும் வழக்கு. பின்னைய பொருளில் வரும் வழக்கிற்குப் பெரியபுராணத்திலே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புத்தூர் மணப்பந்தலிலே தம்மை அடிமையென்று கூறிய முதியவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் அதனால் வழக்கிழந்தார் அல்லர். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உண்டென்றும் கூறித் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன் அதனைக் காட்டினார். சபையாரும் அதனை ஏற்றுச் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கி முடிவு கூறினர். முதலிற் காட்டிய ஓலை அழிந்தமையால் உண்மையும் அழிந்தது என்று அச்சபையார் கொள்ளவில்லை.

எழுத்தில் நேர்ந்த குறையொன்று உண்மை உரிமையை அழித்துவிடலாமா என்பது எக்காலத்து மன்றத்தையும் எதிர்நோக்கும் வினாவாகும். இக்காலக் குடியியல் வழக்குகளில் இவ்வினா, வழக்குரையைத் திருத்துதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டல் என்னும் வடிவில் எழுகின்றது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே வாழும் நம்மவர்க்கு இவ்விதி ஏனையோரிலும் மிகுதியாகப் பயன்பட வேண்டியதொன்று. அதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, இன்று அது எந்நிலையில் நிற்கின்றதெனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வழக்குரை யாதெனக் காண்போம். வழக்காளி தன் குறையையும் தான் வேண்டும் நிவாரணத்தையும் எழுதித் தாக்கல் செய்வது முறைப்பாடு. எதிராளி அதற்கு எழுதும் மறுமொழி விடை. இவ்விரண்டும் இவற்றைத் தொடர்வனவும் சேர்ந்து வழக்குரைகள் எனப்படும். வழக்குரைகளிலிருந்தே மன்றம் தீர்க்கவேண்டிய எழுவினாக்கள் பிறக்கின்றன. எழுதப்படாத ஒன்றைச் சாட்சியத்தால் நிலைநாட்ட முயன்றால் எதிர்த்தரப்பினர் தடை கூறுவர். ஆதலின் முறைப்பாட்டில் ஒரு பெயர் பிழைத்தாலும், ஒரு திகதி மாறினாலும், கேட்கவேண்டிய நிவாரணம் ஒன்று விடுபட்டாலும், உண்மை தன்பக்கம் இருந்தும் வழக்காளி தோற்கக்கூடும்.

இப்பிழையை அவன் தன் விருப்பப்படி திருத்திக்கொள்ளல் ஆகாதோ எனின், ஆகாது. எதிராளி முதலில் எழுதப்பட்டதைக் கண்டே விடை எழுதினான்; சான்றுகளைத் தேடினான்; பொருளுஞ் செலவிட்டான். நாள்தோறும் மாறும் குற்றச்சாட்டுக்கு எவரும் மறுமொழி கூற இயலாது. எனவே திருத்துவோன் மன்றத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். எதிர்த்தரப்பிற்கு அறிவித்தல் வேண்டும். அத்தரப்பிற்கு நேர்ந்த செலவையும் பெரும்பாலும் ஈடுசெய்தல் வேண்டும். பிழைத்தவனுக்கு இரங்குதல் ஒருபுறம், எதிரிக்குத் தீங்கு செய்யாமை மறுபுறம். இவ்விரண்டையும் ஒருங்கு பேணும் முயற்சியே இவ்விதியின் வரலாறு எனலாம்.

இலங்கை பின்பற்றிய ஆங்கில நடைமுறையில் இவ்விரக்கம் தொடக்கத்தில் அரிதாகவே காணப்பட்டது. ஒவ்வொரு குறைக்கும் தனித்தனி வழக்குவடிவம் வகுக்கப்பட்டிருந்தது. வடிவம் தவறினோர் பொருளையும் இழந்தனர். 1852 ஆம் ஆண்டின் பொதுச்சட்ட நடைமுறைச் சட்டம் இக்கடுமையைத் தளர்த்திற்று; 1873, 1875 ஆம் ஆண்டுகளின் நீதிமுறைச் சட்டங்கள் பழைய வடிவங்களை நீக்கின. 1884 இல் குறொப்பர் எதிர் சிமித் என்னும் வழக்கிலே போவன் பிரபு வெளியிட்ட கருத்து இன்றும் எடுத்தாளப்படுகின்றது. மன்றங்கள் இருப்பது தரப்பினரின் உரிமைகளைத் தீர்மானித்தற்கேயன்றி, வழக்கு நடத்துகையில் அவர்கள் செய்த தவறுகளுக்காக அவர்களை ஒறுத்தற்கன்று என்பதே அதன் சாரம்.

ஆயின் மூன்றாண்டுகளுக்குள் இவ்விரக்கத்திற்கு ஓர் எல்லையும் வகுக்கப்பெற்றது. 1887 இல் வெல்டன் எதிர் நீல் என்னும் வழக்கில், சட்டத்தரணியின்றித் தம் வழக்கைத் தாமே நடத்திய ஜோர்ஜினா வெல்டன் என்னும் பெண்மணி, அவதூற்று வழக்காகத் தொடங்கிய தம் வழக்குரையிலே வேறு சில குற்றங்களையும் சேர்க்க விழைந்தார். புது வழக்காகத் தொடுத்திருப்பின் அவை காலங்கடந்தனவாய்த் தள்ளப்பட்டிருக்கும். நேரே வரவியலாத கோரிக்கை திருத்தம் என்னும் பின்வாயில் வழியே வரலாகாது என்று மன்றம் மறுத்துவிட்டது. எதிராளிக்குக் காலச்சட்டம் அளித்த பாதுகாப்பைத் திருத்தத்தாற் பறித்தல் அநீதி என்பது இம்முடிவின் அடிப்படை.

நிற்க. இலங்கை மலைநாட்டின் நிலையை இனி நோக்குவோம். கண்டியரசு 1815 இல் பிரித்தானியர் வசமாயிற்று. அதற்கு முன் கிராமச் சபைகளிலும் திசாவைமார் முன்னிலையிலும் வழக்குகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெற்றன. பிழை நேர்ந்தவிடத்து அவ்விடத்திலேயே திருத்திக் கூறலாம். 1833 இல் கண்டி மாகாணங்களின் தனி நிருவாகம் ஒழிக்கப்பெற்று, நீதிப் பட்டயத்தின் வழியே மாவட்ட நீதிமன்றங்கள் தீவெங்கும் அமைந்தன. அம்மன்றங்களில் வழக்கு எழுத்துருப் பெற்றது. எழுத்தின் மொழி ஆங்கிலமாயிற்று.

1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை நிறைவேறியது. இந்தியக் கோவையையும் ஆங்கில விதிகளையும் பெரிதும் தழுவி வகுக்கப்பெற்ற இக்கோவையின் 93 ஆம் பிரிவு, இறுதித் தீர்ப்புக்கு முன் எவ்வேளையிலும், தரப்பினர் முன்னிலையிலோ அவர்க்குத் தக்க அறிவித்தல் கொடுத்த பின்னரோ, வழக்குரைகளைக் கூட்டியும் மாற்றியும் குறைத்தும் திருத்துவிக்க நீதிமன்றத்திற்கு முழு அதிகாரம் அளித்தது. செலவு, தவணை முதலியன பற்றிய நிபந்தனைகளை விதித்தலும் நீதிபதியின் தற்றுணிபுக்கு விடப்பட்டது. திருத்தங்கள் ஆவணத்தின் முகத்திலேயே தெளிவாக எழுதப்பட்டு நீதிபதியின் சுருக்கொப்பம் பெறவேண்டும் என்னும் சிறு விதியும் அதில் இருந்தது. மறுபுறம் 46 ஆம் பிரிவு, ஓரியல்பினதான வழக்கை அதற்கு முரணான வேறோரியல்பினதாக மாற்றும் திருத்தத்திற்கு இடங்கொடாது தடுத்தது. சுருங்கக் கூறின், கதவு அகலத் திறந்திருந்தது; வாயிற்காவலும் இருந்தது.

அவ்வாயிலை நம்மவர்க்குத் தேவையாக்கிய சூழல் யாது? 1869 இல் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல இடங்களில் கூலி நிலுவையாய் நின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தொடங்கிய தேயிலைப் பயிர் பின்னர் அவ்விடத்தைப் பற்றிற்று. கூலி இழந்தோர் நிலைகண்டு 1880களில் இயற்றப்பெற்ற சட்டங்கள், தொழிலாளருக்குச் சேரவேண்டிய கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கின. அவற்றுள் 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றியது. வழக்குரையைத் திருத்தும் உரிமை தந்த கோவையும் இச்சட்டமும் ஒரே ஆண்டில் தோன்றியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தாலே மலையகத் தொழிலாளியின் இடர் விளங்கும். ஓர் எடுத்துக்காட்டை நாமே கற்பித்துக்கொள்வோம். கூலி பெறாத தொழிலாளி ஒருவன் பட்டணத்திற்கு இறங்கிச் சென்று, அக்காலத்திற் பிறக்கிராசி என வழங்கிய சட்டத்தரணியிடம் தன் குறையைத் தமிழிற் கூறுகின்றான். இடையில் ஒருவர் மொழிபெயர்க்கின்றார். முறைப்பாடு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அவன் அதனை வாசித்தறியான்; அடியிற் பெருவிரல் அடையாளம் இடுகின்றான். செக்றோலில் ஒருவிதமாகவும், கங்காணியின் கணக்கில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட அவன் பெயர், முறைப்பாட்டில் மூன்றாவது வடிவம் பெறுகின்றது. கடன்பட்டவர் கங்காணியா, துரையா, கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள உரிமையாளரா என்பதும் அவனுக்குத் தெளிவில்லை. விசாரணைநாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, வழக்குத் தொடுக்கப்பட வேண்டியவர் இவரல்லர் என்கின்றார்.

அந்நேரத்தில் அவனைக் காக்கவல்லது 93 ஆம் பிரிவு ஒன்றே. அதனை மறுத்தால் புதிய வழக்குத் தொடுக்கலாமே எனின், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் இடையே நிற்கின்றது. அச்சட்டப்படி எழுத்திலமைந்த பொருத்தனைக்கு ஆறாண்டு, எழுத்திலமையாததற்கு மூன்றாண்டு, தொழிலாளர் வேலையாட்களின் கூலிக்கோ ஓராண்டு மட்டுமே தவணையாகும். எழுத்தும் சட்டமும் அறிந்தவர்க்கு ஆறாண்டும், அறியாதவர்க்கு ஓராண்டும் வாய்த்தமை நோக்கத்தக்கது. பிழையுற்ற முறைப்பாடு தள்ளப்படுமுன்னரே அவ்வோராண்டு கழிந்துவிடக்கூடும். ஆகவே தொழிலாளிக்குத் திருத்த அனுமதி மறுக்கப்படின், அவன் உரிமையே முடிந்துபோதலும் உண்டு.

காலங்கடந்த பின் திருத்தம் கூடுமா என்னும் வினா இலண்டன் கோமறைக் கழகத்தையும் எட்டியது. 1920 இல் பிரித்தானிய இந்தியாவிலிருந்து சென்ற சரண்தாஸ் எதிர் அமீர்கான் என்னும் வழக்கில், வழக்காளிகள் காணியை முதலில் வாங்கும் உரிமை தமக்குண்டென்று பிரகடனம் மட்டும் வேண்டினர். உடைமையையும் வேண்டியிருத்தல் வேண்டும். குறை உணரப்பட்டபோது காலம் கடந்திருந்தது. எனினும் அவ்வழக்கின் தன்மை நோக்கித் திருத்தத்தைக் கழகம் ஏற்றது. காலங்கடந்தமை எதிராகவே எண்ணப்படும். ஆயினும் மன்றத்தின் அதிகாரத்தை அது முற்றாக அழித்துவிடாது என்பது அம்முடிவாற் போந்த கருத்து. அடுத்த ஆண்டில், பர்மாவிலிருந்து சென்ற மா சுவே மியாவின் வழக்கில் அக்கழகமே மறுபுறத்தை வலியுறுத்தியது. ஓர் உடன்படிக்கையை அடிப்படையாக வைத்துத் தொடங்கிய வழக்கை, ஆண்டுகள் பல முந்திய வேறோர் உடன்படிக்கையின் மேலதாக மாற்றுதற்கு மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று கூறியது. முன்னையது குறையை நிரப்புதல். பின்னையது வேறு வழக்கைப் புகுத்துதல்.

இனி மொழியின் கதை. நீதிமன்றங்களின் ஆங்கிலம் நீங்கியபோது மலையகத் தமிழருக்கு அவ்விடத்தில் தமிழ் வரவில்லை. 1961 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தைப் புகுத்தியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், அதன் 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தமும் நிலைமையைச் சீர்செய்தன. சிங்களமும் தமிழும் இலங்கை முழுதும் நீதிமன்ற மொழிகளாயின. தமிழ் நிருவாக மொழியாகாத பகுதிகளில் மன்றப் பதிவேடு சிங்களத்தில் நடப்பினும், எத்தரப்பினரும் வழக்குரைகளைத் தமிழிலேயே சமர்ப்பிக்கவும், மொழிபெயர்ப்பு உதவி பெறவும் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வழக்காடுவோர் இவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தல் வேண்டும். தன் வழக்கைத் தன் மொழியில் எழுதுவிப்பவனுக்குப் பின்னர் திருத்தம் வேண்டும் தேவையே குறையும்.

தோட்டத் தொழிலாளர்க்கு வேறொரு வாயிலும் திறந்தது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை 1957 இல் திருத்தியதால் தொழில் நியாயசபைகள் பிறந்தன. அவை சான்றுக் கட்டளைச் சட்டத்தால் இறுகக் கட்டுண்டவையல்ல. நீதியும் ஒப்புரவுமான கட்டளை பிறப்பித்தலே அவற்றின் கடன். தொழிலாளி சார்பில் தொழிற்சங்கமே விண்ணப்பிக்கவும் கூடும். மஸ்கெலியா டீசைட் தோட்டத்து அத்தியட்சகருக்கும் இலங்கைத் தொழிலாளர் கழகத்துக்கும் இடையே 1960களில் உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் தலைப்பே இப்புதுநிலையைக் காட்டும். ஒருபுறம் துரையின் பதவிப் பெயர். மறுபுறம் தனித்தொழிலாளியின் பெயருக்கு ஈடாகச் சங்கத்தின் பெயர்.

எனினும் எதிராளி யார் என்னும் பழைய இடர் முற்றாக நீங்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களின் உரிமையாளரை மாற்றின. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. கொழுந்து பறித்தோர் அதே மலையில், அதே லயத்தில் இருந்தனர். எழுத்தில் அவர்தம் எசமானர் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. நிலுவையிலுள்ள வழக்கொன்றில் உரிமை கைமாறினால் புதியவரைச் சேர்க்கவும், பெயரைத் திருத்தவும் வழியில்லாவிடின், வென்ற தீர்ப்பும் எவர்மீதும் செல்லாத தீர்ப்பாகிவிடும்.

இதற்கிடையே கோவையின் வாழ்வே ஒருமுறை தடைப்பட்டது. 1975 இல் இயற்றப்பெற்ற நீதி நிருவாகத் திருத்தச் சட்டம் அதனை நீக்கியது. 1977 இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 93 ஆம் பிரிவு 1988 இல் மாற்றப்பட்டுப் பின் 1991 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. அச்சட்டம் கதவின் நடுவே கோடொன்று கிழித்தது. விசாரணைக்கென முதன்முதல் குறிக்கப்பட்ட நாளுக்கு முன் வேண்டப்படும் திருத்தத்தை மன்றம் தக்க நிபந்தனைகளோடு ஏற்கலாம். அந்நாளிலோ அதன் பின்னோ வேண்டினால், திருத்தம் மறுக்கப்படுவதனால் கடுமையானதும் ஈடுசெய்ய முடியாததுமான அநீதி விளையும் என்றும், வேண்டுவோன் அசட்டையான தாமதம் செய்தவனல்லன் என்றும் மன்றம் திருப்திப்பட்டு, அதற்கான காரணங்களை எழுதிப் பதிதல் வேண்டும். பிறிதெக்காரணமும் செல்லாது. கொழும்பு சிப்பிங் கம்பனிக்கும் சிராயு குளோதிங் நிறுவனத்துக்குமிடையே எழுந்து 1995 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளியான வழக்கில், விசாரணைகள் வீணே ஒத்திவைக்கப்படுதலைத் தடுத்தலே இம்மாற்றத்தின் நோக்கமென மேன்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. 2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் விசாரணைக்கு முந்திய அமர்வு என்னும் முறையைப் புகுத்தி, அக்கோட்டை அவ்வமர்வின் முதல்நாளுக்கு முன்நகர்த்தியது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய போக்கன்று. இங்கிலாந்தில் 1999 இல் நடைமுறைக்கு வந்த புதிய குடியியல் விதிகள் காலத்தையும் செலவையும் மன்றத்தின் கவனத்துக்குரிய பொருள்களாக்கின. இந்தியாவிலே 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்று திருத்த விதியையே அகற்ற முயன்றது. 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீட்டு, விசாரணை தொடங்கியபின் உரிய கவனத்தோடு முயன்றும் முன்னர் எழுப்பியிருக்க முடியாத பொருளுக்கே திருத்தம் உண்டென்று எல்லையிட்டது. போவன் காலத்து மன்றங்கள் பிழைத்தோரை நோக்கின; நம் காலத்து மன்றங்கள் காத்திருப்போரையும் நோக்குகின்றன.

இம்மாற்றத்தைக் குறைகூறுதல் எளிது. ஆயின் அதன் நியாயத்தையும் உணர்தல் வேண்டும். தாமதத்தால் மிகவும் நலிபவன் ஏழையே. ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாட் பேரை இழந்து, பேருந்துக் கூலி கொடுத்து மன்றத்திற்கு வரும் தொழிலாளிக்கு, செல்வமுடைய எதிராளி ஈற்றில் வேண்டும் திருத்தம் மேலும் ஓராண்டுத் துன்பமாகலாம். கோடு அவனையும் காக்கின்றது.

ஆயினும் அக்கோடு எல்லார்க்கும் ஒரே தூரத்தில் இருப்பதன்று. தன் வழக்குரையைத் தானே வாசித்து, சட்டத்தரணியோடு தன் மொழியில் உரையாடுவோன், பிழையை முதல்வாரத்திலேயே காண்பான். பிறர் எழுதிய ஏட்டில் அடையாளமிட்டவன், அப்பிழையைப் பெரும்பாலும் சாட்சிக்கூண்டில் நிற்கும்போதே முதன்முதல் கேட்கின்றான். இருவரும் ஒரே நாளில் திருத்தம் வேண்டினும், ஒருவனது தாமதம் அசட்டை. மற்றவனது தாமதம் அறியாமை. 1991 ஆம் ஆண்டின் விதியிலுள்ள அசட்டையான தாமதம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் காணும்போது நீதிபதிகள் இவ்வேறுபாட்டை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எமது துணிபு. காரணங்களை எழுதுக என்று சட்டம் பணித்திருப்பதும் இதற்கு இடந்தருகின்றது. எழுதுமிடத்துத்தான் வேறுபாடு புலப்படும்.

நீதிபதிகளின் கடன் அவ்வாறாக, கற்றோராகிய நமது கடன் யாது? மலையகத்திலே எழுத்தறிந்த தலைமுறைகள் இன்று பெருகியுள்ளன. தோட்டந்தோறும் ஆசிரியர் உளர்; பல்கலைக்கழகம் சென்று மீண்ட இளைஞர் உளர்; சட்டம் பயின்றோரும் உளர். அயலவர் ஒருவர் வழக்குத் தொடுக்கும்போது, முறைப்பாட்டின் படியை வாங்கித் தமிழில் வாசித்துக்காட்டுதல் பெரிய காரியமன்று. அடையாள அட்டையிற் கண்டவாறு பெயர் உள்ளதா, எதிராளி அக்காலத்துத் தோட்டத்தை நடத்தும் கம்பனிதானா, திகதிகள் சரியா, வேண்டிய நிவாரணங்கள் யாவும் கேட்கப்பட்டுள்ளனவா என்னும் நான்கையும் முந்திய அமர்வு நாளுக்குமுன் நோக்கினால் போதும். அந்நாளுக்குமுன் காணப்பட்ட பிழை பெரும்பாலும் சிறு செலவோடு தீரும்; பின் காணப்பட்டதற்குப் பெருந்தடை உண்டு.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் படியோலை கிழிந்தபின்னும் மூலவோலையை நோக்கினர். முதியவரும் அவ்வோலையை உடன் வைத்திருந்தார், கேட்டவுடன் காட்டினார். சபையின் பொறுமையும் வழக்காளியின் விழிப்பும் ஒன்றுசேர்ந்தவிடத்தே உண்மை நிலைத்தது. 1889 ஆம் ஆண்டின் கோவை பொறுமையைப் பெரிதும் நம்பியது. 1991 ஆம் ஆண்டின் திருத்தம் விழிப்பைப் பெரிதும் வேண்டுகின்றது. விழித்திருத்தற்கு வேண்டிய கல்வி மலையகத்தின் கடைசி லயத்தையும் சென்றடையும் வரை, மன்றங்களின் பொறுமையும் நம்மவர்க்கு வேண்டியதாகும்.